லேனுக்குள் ஏன் முதலில் தண்ணீர் வருகிறது?

கொழும்பில் தமிழ் மொழிமூலம் படிக்கும் தரம் 8 பிள்ளைகளுக்குச் சுற்றாடல் கல்விக்கான ஒரு தவணைத் திட்டம் எழுதித் தரும்படி 2023இல் எங்கள் சிறு குழுவிடம் கேட்டார்கள். வாரத்துக்கு ஒரு பாடவேளை, மொத்தம் பத்து வாரம். மூன்றே நாளில் எழுதி முடித்தேன். ஓசோன் படை, உருகும் பனிப்பாறை, அமேசன் காடு, அப்புறம் கடைசி வாரத்தில் ஒரு சுவரொட்டிப் போட்டி.

வெள்ளவத்தைப் பக்கம் ஒரு பாடசாலையில் முதல் பாடத்தை நடத்திப் பார்த்தோம். கேட்டதற்கெல்லாம் பிள்ளைகள் சரியாகப் பதில் சொன்னார்கள். மணி அடிக்கும் நேரம் பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், மழை பெஞ்சா எங்கட லேனுக்குள்ள மட்டும் ஏன் முதல்ல தண்ணி வருது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. என் திட்டத்தில் அந்தக் கேள்விக்கு இடமும் இருக்கவில்லை.

1977இல் திபிலிசி நகரில் நடந்த மாநாடு சுற்றாடல் கல்விக்கு ஐந்து நோக்கங்களை வகுத்தது: விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு. பயிற்சிப் பட்டறைகளில் நானே இதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். ஆனாலும் நான் எழுதிய தாளில் எட்டு வாரங்கள் முதல் இரண்டு நோக்கங்களோடேயே முடிந்துவிட்டன. பங்கேற்புக்கு என்று இருந்தது அந்தச் சுவரொட்டி மட்டும்தான்.

திரும்ப எழுதினோம், இந்த முறை கால்வாயிலிருந்து. ஆசிரியைகளோடு வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் ஒரு காலை நேரம் நடந்தோம். யோகட் கோப்பைகளும் சோறு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் சீட்டுகளும் கடலை நோக்கி மிதந்துகொண்டிருந்தன. கொழும்பு தாழ்ந்த நிலம். பெருமழையின் நீரைச் சதுப்பு நிலங்கள் முதலில் தாங்கிக்கொண்டு, பிறகு கால்வாய்கள் வழியாக மெதுவாக விடுகின்றன. அவற்றை மண் போட்டு நிரப்பினாலோ, கானில் குப்பை அடைத்தாலோ தண்ணீர் லேனுக்குள்தான் வரும். ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சரின் கீழ், உலகில் முதன்முதலாக ஈரநில நகரங்களாக 2018இல் அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. இந்த நகரத்துச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை இன்னும் வாழ்கிறது என்றபோது ஒரு மூத்த ஆசிரியை, "இவ்வளவு நாளும் நான் பிள்ளைகளுக்குச் சிங்கத்தைத்தானே காட்டினேன்" என்றார்.

கொழும்புக் குப்பை கொட்டப்பட்ட மீதொட்டமுல்லை மேட்டைப் பற்றிப் பேசுவதா விடுவதா என்பதில்தான் அதிக நாள் போனது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் அந்தக் குப்பை மேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். அந்தப் படங்களோடு பாடத்தைத் தொடங்கினால் பிள்ளைகளின் மனதில் பதியும் என்று நான் வாதிட்டேன். வகுப்பாசிரியை மறுத்தார். வகுப்பில் ஒரு பிள்ளையின் சொந்தக்காரர்கள் அந்தப் பக்கத்திலிருந்து வீடு மாறி வந்தவர்கள் என்று அவர் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. படங்களை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக, நம் வீட்டுக் குப்பை லொறியில் ஏறிய பிறகு எங்கே போகிறது என்று பிள்ளைகளே வீட்டாரிடம் கேட்டு வரட்டும் என்று வைத்தோம். மீதொட்டமுல்லையின் பெயர் பெரியவர்களின் வாயிலிருந்து தானாகவே வந்தது. பயத்தைக் காட்டிப் படிப்பிப்பது தவறு என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு நான் செய்யவிருந்ததை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

அடுத்த வாரம் மதியச் சாப்பாடு சுற்றி வந்தவற்றை ஒரு மேசையில் பரப்பி எண்ணினோம். பாதிக்கு மேல் லஞ்ச் சீட். 2017 செப்டெம்பரிலேயே பொலித்தீன் லஞ்ச் சீட்டுக்குத் தடை வந்தது என்று சொன்னதும் ஒரு பையன், "அப்ப கடையில ஏன் இன்னும் விக்கிறாங்க?" என்றான். அன்றைய பாடவேளை முழுவதும் அந்தக் கேள்வியிலேயே போனது, நானும் போகவிட்டேன். யாருடைய பார்சலையும் காட்டிப் பேசக்கூடாது என்பதை மட்டும் முன்பே முடிவெடுத்திருந்தோம். விடியற்காலையில் சமைத்துவிட்டு வேலைக்கு ஓடும் அம்மாவைப் பிள்ளை குற்றம் சொல்லும் நிலைக்கு ஒரு பாடம் கொண்டுபோய் விடக்கூடாது.

கடைசி வாரங்களில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து மழைத்தண்ணீர் போகும் வழியை வரைந்தார்கள். தாள்களைச் சேர்த்து ஒட்டியபோது, முதல் நாள் கேள்வி கேட்ட பிள்ளையின் லேனில் மூன்று கான்கள் வந்து ஒன்றாகச் சேர்வது தெரிந்தது. அந்த இடத்தில் அடைப்பு. மாநகர சபைக்குக் கடிதம் எழுதுவோம் என்று அவர்களாகவே முடிவெடுத்தார்கள். தமிழில் ஒன்று எழுதி, சிங்களம் நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் சிங்களத்திலும் எழுதினார்கள். வரைபடத்தின் பிரதியையும் இணைத்தார்கள்.

அடுத்த தவணைக்கான தாளில் பத்தாவது வாரத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். கடிதத்துக்கு என்ன பதில் வருகிறது என்று பார்த்து, அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதவேண்டும்.