மருமகனின் சைக்கிள் விமானம் ஏறுகிறது

ஓகஸ்ட் 9, கிளிநொச்சி

ரொறொன்ரோவிலிருந்து கொண்டுவந்த சைக்கிளில் மருமகன் இரணைமடுக் குளக்கட்டிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரை ஓடிப் பார்த்துவிட்டான். அடுத்த கிழமை திரும்புகிறான். வரும்போது பெட்டி பெரிதென்று விமான நிறுவனம் தனிக் கட்டணம் அறவிட்டதாம். "சைக்கிள் இங்கேயே நிற்கட்டும் மாமா" என்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாத வன்னியில் நோயாளியையும் நெல் மூட்டையையும் விறகையும் சுமந்தது சைக்கிள்தான். நல்ல சைக்கிளைக் கட்டணத்துக்குப் பயந்து பிரிய விடமாட்டேன்.

ஓகஸ்ட் 11

இரவு முழுவதும் பொதி விதிகளைப் படித்தோம். சாதாரணப் பொதி என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 சென்ரிமீற்றர். எடை பெரும்பாலும் 23 கிலோ. எங்கள் பெட்டி 140, 80, 22, மொத்தம் 242. எடையில் தப்பலாம், அளவில் வழியே இல்லை. நடுவில் கழற்றக்கூடிய பிரேமுக்கு 26, 26, 10 அங்குலப் பெட்டி உண்டு. கூட்டினால் 62 அங்குலம், அதே 158. இவனுடையது கழற்ற முடியாத பிரேம்.

ஆனால் எல்லா நிறுவனங்களும் ஒன்றல்ல. சில, எடை வரம்புக்குள் இருந்தால் சைக்கிளைச் சாதாரணப் பொதியாகவே ஏற்கின்றன. சில, சைக்கிள் என்றாலே காசு கேட்கின்றன. திரும்பும் டிக்கெட் இன்னும் எடுக்காதது நல்லதாயிற்று. டிக்கெட் விலையோடு சைக்கிள் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தபோது, மலிவாகத் தெரிந்த டிக்கெட்தான் விலை கூடியது. தெரிவுசெய்த நிறுவனத்துக்கு முன்கூட்டியே அறிவித்து, வந்த பதிலை அச்செடுத்தும் வைத்தாயிற்று.

பெட்டியில் "கண்காட்சிப் பொருள்" என்று எழுதினால் தப்பலாம் என்றார் ஒரு நண்பர். பொய் எழுதிப் பயணம் போக நான் சம்மதிக்கமாட்டேன்.

ஓகஸ்ட் 14

கரடிப்போக்குச் சந்திக்கு அருகில் சைக்கிள் கடை அண்ணை பொதி கட்டித் தந்தார். இடது பெடலின் புரி மறுவளமானது; வலதைக் கழற்றுவது போலத் திருகினால் இன்னும் இறுகும். அண்ணை ஸ்பனரைப் பொருத்தி, பெடல் பூட்டியிருக்கும் கிராங்கைக் காலால் அணைத்து ஒரே தள்ளில் கழற்றினார். முன் சில்லை எடுத்ததும், அதைத் தாங்கும் கவையான போர்க் நசுங்காமலிருக்க இரு நுனிகளுக்கும் இடையே பிளாஸ்டிக் கட்டையைச் செருகினார். புதுச் சைக்கிளோடு வரும் கட்டை அது. எறியாமல் சேர்த்து வைத்திருக்கிறார். பின் சில்லில் சங்கிலியை மாற்றும் கியர் கையைக் கழற்றிச் சீலையால் சுற்றிப் பிரேமுக்குள் கட்டினார். ரயர்க் காற்றைக் குறைத்து, மூலைகளுக்கு றெஜிபோம் வைத்தார்.

அக்கா ஒடியலும் மிளகாய்த்தூளும் கொண்டு ஓடிவந்தாள். இந்த நிறுவனத்தின் விதிப்படி சைக்கிள் பெட்டிக்குள் வேறு சாமான் கூடாது. அவை மற்றப் பைக்குப் போயின. அரிசிக் கடைத் தராசில் பெட்டி 19 கிலோ காட்டியது.

ஓகஸ்ட் 17

நேற்றிரவு பஸ்ஸின் அடித்தட்டில் பெட்டி நிமிர்ந்தபடியே கொழும்புக்குப் போனது. இன்று கட்டுநாயக்காவிலிருந்து அழைத்தான். அளவு நாடாவை எடுத்த பணியாளர் அச்சுப் பிரதியைப் பார்த்ததும் நாடாவைத் திரும்ப வைத்துவிட்டாராம். ஒரு சதமும் கேட்கவில்லை. பெட்டியைப் பெரிய பொதிகளுக்கான வாசலால் எடுத்துப் போனார்கள். நாளை கடைக்குப் போய், அடுத்த முறை வருபவர்களுக்காக இரண்டு பெட்டிகளை ஒதுக்கி வைக்கச் சொல்ல வேண்டும்.