தண்ணீரில் நின்ற டவர்

மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தை நான் எடுத்த படம் ஒன்று 5 அடி அகலத்துக்கு பிரிண்ட் ஆகி, ஃபிரேம் கடை மேசையில் கிடந்தது. ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பறைக்குப் போக வேண்டிய படம். மறுநாள் காலையில் மாட்டியாக வேண்டும். கடைத் தம்பி பீடிங் அறுத்து முடித்துவிட்டு, படத்தின் தலைமாட்டுப் பக்கம் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். திடீரென்று, "ஏண்ணே, இது எங்க தெரு டவருதானே?" என்றான்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த டவரைப் படத்திலிருந்து அழிக்கத்தான் முந்தின நாள் ராத்திரி ரொம்ப நேரம் கணினி முன் உட்கார்ந்திருந்தேன். எதிர்க்கரையில், மைய மண்டபத்துக்கு வலப்பக்கம், சிவப்பும் வெள்ளையுமாக நின்ற செல்போன் டவர். 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய குளத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர் டவரையும் சேர்த்தா வாங்குவார்?

"டவரெல்லாம் இல்லப்பா, எடுத்தாச்சு."

"இந்தா நிக்குதேண்ணே."

விரலை வைத்துக் காட்டினான். அவன் பக்கம் போய் நின்று பார்த்தேன். நின்றது. வானத்தில் இருந்த டவரை அழித்த நான், தண்ணீரில் தலைகீழாக விழுந்திருந்த அதன் பிம்பத்தை அப்படியே விட்டிருக்கிறேன். படத்தை நேராகவே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது ஏதோ அலை நெளிவு. எதிர்ப்பக்கம் நின்றவனுக்கு ஜம்மென்று நிற்கிற டவர். குளம் வறண்டு பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடிய காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. பிம்பம் விழத் தண்ணீர் வேண்டுமே!

விடுதிக்காரரிடம் ஒரு நாள் தவணை வாங்கி, திருத்தி, என் கைக்காசில் மறுபடி பிரிண்ட் போட்டேன். அன்றிலிருந்து எந்தப் படமானாலும் அனுப்பும் முன் கணினியில் ஒரு தடவை தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிடுவேன். தலைகீழாக இருக்கும்போது அது கோயிலோ குளமோ இல்லை. வெறும் நிறமும் கோடும்தான். ஒட்டுப்போட்ட இடம் சட்டென்று கண்ணில் படும்.

படத்தில் வேண்டாததை அழிக்கிற இந்த வேலையில் எனக்கு முதல் பாடம் எடுத்தது டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு ஸ்டுடியோ. ஃபிலிம் காலம். நாங்கள் 'டச்சிங்' என்போம். மாஸ்டர் கண்ணாடி மேசையில் நெகட்டிவை வைத்து, கீழிருந்து வெளிச்சம் விட்டு, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் முகத்தில் புள்ளி புள்ளியாக வைப்பார். நெகட்டிவில் எல்லாம் மாறித் தெரியும் இல்லையா, கறுத்த பரு அங்கே வெளுத்துக் கிடக்கும். அதில் பென்சில் ஏறினால் பிரிண்டில் பரு மங்கிவிடும். நெகட்டிவில் தூசி ஒட்டியிருந்தால் பிரிண்டில் வெள்ளைப் புள்ளி விழும். அதற்குத் தனியாக மை, மூன்று மயிர் பிரஷ். மாஸ்டர் பிரஷ் நுனியை நாக்கில் தொட்டுத்தான் கூராக்குவார். சாயங்காலம் பார்த்தால் நாக்கு கறுப்பாக இருக்கும்.

அவர் சொன்ன ஒரு விதி இன்னும் என்னோடு இருக்கிறது. "பரு போகலாம்டா, மச்சம் போகக் கூடாது. மச்சம் எஸ்.எஸ்.எல்.சி. புக்குல ஏறியிருக்கும்." நாளைக்கு இருக்காது என்பதை அழிக்கலாம், நாளைக்கும் இருக்கும் என்பதில் கை வைக்கக் கூடாது என்பது அதன் அர்த்தம். இந்த விதிப்படி செல்போன் டவரை நான் தொட்டிருக்கவே கூடாது. சரி, மாஸ்டர் வரவேற்பறைக்குப் படம் விற்றதில்லை.

இப்போதைய வேலை நாற்காலியில். படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, இடது ஓரத்தில் தொடங்கி மேலிருந்து கீழ், பிறகு ஒரு திரை அகலம் நகர்ந்து மறுபடி மேலிருந்து கீழ், உழவு ஓட்டுகிற மாதிரி போக வேண்டும். அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று மேய்ந்தால் கட்டாயம் நாலு புள்ளி தப்பிவிடும். வானத்தில்தான் தூசி அதிகம் தெரியும். அதிலும் லென்ஸ் துளையை எஃப் 16, எஃப் 22 என்று சுருக்கி எடுத்திருந்தால் கேமராவுக்குள் ஒளியைப் பதிகிற சென்சாரில் ஒட்டிய ஒவ்வொரு துகளும் சாம்பல் நிறப் பொட்டாக வந்து உட்கார்ந்திருக்கும்.

கருவி என்று பார்த்தால் அடிப்படையில் இரண்டுதான். குளோன் ஸ்டாம்ப் ஓரிடத்தை அச்சாக எடுத்து இன்னோரிடத்தில் வைக்கும். 2002-ல் ஃபோட்டோஷாப் 7-ல் வந்த ஹீலிங் பிரஷ், எடுத்த இடத்தின் சொரசொரப்பை மட்டும் கொண்டுவந்து, வைக்கிற இடத்தின் நிறத்தோடும் வெளிச்சத்தோடும் கலந்துவிடும். முகத்துக்கும் வானத்துக்கும் இது அமிர்தம். ஆனால் கோபுர விளிம்பு வானத்தைத் தொடுகிற இடத்தில் இதைப் போட்டால் கோபுரத்தின் கறுப்பு வானத்தில் இழுகும். அங்கே குளோன்தான். 2010-ல் வந்த ஃபோட்டோஷாப் சி.எஸ். 5-லிருந்து, வேண்டாததைச் சுற்றி வளைத்துக் காட்டினால் போதும், கணினியே நிரப்பிக்கொள்கிறது. தாராளமாக நிரப்பும். ஒரு முறை கீழக்குயில்குடித் தாமரைக் குளத்தில் மிதந்த பிளாஸ்டிக் பையை வளைத்துக் காட்டினேன். அந்த இடத்தில் அரைத் தாமரை முளைத்திருந்தது.

குளோனில் உள்ள ஆபத்து, ஒரே அச்சு திரும்பத் திரும்ப விழுவது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகைக் குவியல் ஒன்றை எடுத்திருந்தேன். நடுவில் நீல பிளாஸ்டிக் கயிறு ஓடியது. பக்கத்து மொட்டுகளை எடுத்து மூடினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் மனைவிதான், "இந்தக் காம்பு வளைஞ்ச மொட்டு மட்டும் ஏன் மூணு இடத்துல இருக்கு?" என்று கேட்டாள். பூக்கட்டுகிற கைக்குத் தெரியாதா? 2006 லெபனான் போரின்போது பெய்ரூட்டில் எழுந்த புகையை இப்படித்தான் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்துக்குப் படம் எடுத்த ஒருவர் குளோன் செய்து பெருக்கிக் காட்டினார். ஒரே சுருள் அடுக்கடுக்காக வருவதை இணையத்தில் பார்த்தவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். ராய்ட்டர்ஸ் நிறுவனம் அவருடைய 920 படங்களையும் விற்பனையிலிருந்து எடுத்தது.

அதனால் படம் விற்றுக் கொடுக்கிற வெளியூர் ஏஜென்சிகளுக்குப் படம் ஏற்றும்போது முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்வேன். விளம்பரத்துக்கு விற்கிற படம் என்றால் கம்பெனிப் பெயர், சின்னம் எதுவும் தெரியக் கூடாது. அடையாளம் தெரிகிற முகத்துக்கு எழுத்தில் சம்மதம் வேண்டும். செய்திப் படம் என்றால் நேர்மாறு, தூசியைத் தவிர எதையும் தொடக் கூடாது. அலங்காநல்லூர் வாடிவாசல் படத்தில் பனியனுக்குப் பனியன் விளம்பரம், தட்டி முழுக்க விளம்பரம், ஆயிரம் முகம். அதை யார் துடைப்பது? பேசாமல் செய்திப் பிரிவில் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பேன்.

உண்மையில் பாதி வேலையைக் காலாலேயே முடித்துவிடலாம். மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரத்துக்குக் குறுக்கே ஓடும் கம்பி வானத்தில் இருந்தால் இரண்டு நிமிஷத்தில் போய்விடும். சுதைச் சிற்பத்தின் முகத்தில் விழுந்தால் பக்கத்துச் சிலையின் மூக்கைக் கொண்டுவந்து ஒட்ட முடியுமா? எடுக்கும்போதே இரண்டடி தள்ளி நின்றிருந்தால் கம்பி தோளுக்கு இறங்கியிருக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் வீட்டுக்கு வந்து கம்பி எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக் கோயில் கும்பாபிஷேகம். கலசத்தில் நீர் ஊற்றுகிற நேரத்தைச் சரியாகப் பிடித்திருந்தேன். கமிட்டிக்காரர்கள் பெரிய படம் ஒன்று கேட்டார்கள். உழவு ஓட்டி, வானத்தில் ஏழெட்டுத் தூசியை எடுத்து, பளிச்சென்று ஃபிரேம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கமிட்டிப் பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கலசத்தை இல்லை, அதற்கு மேலே.

"தம்பி, கருடன் எங்க?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஊரே கழுத்து வலிக்க அண்ணாந்து, "அந்தா வந்துட்டாரு" என்று கும்பிட்டதை நானும்தான் பார்த்தேன். வீட்டுக்கு ஓடி மூலப் படத்தைத் திறந்தேன். அடுத்தடுத்து எடுத்த ஆறு படங்களிலும் தூசிகள் அதே இடத்தில் அசையாமல் இருந்தன. ஒரே ஒரு புள்ளி மட்டும் படத்துக்குப் படம் கொஞ்சம் இடம்மாறி வட்டம் போட்டிருந்தது.

திரும்ப வைத்து, மறுபடி பிரிண்ட் எடுத்துப் போனேன். பெரியவருக்கு இன்னும் திருப்தி இல்லை. "வர்றவங்களுக்குத் தெரியணுமேப்பா. சுத்தி ஒரு செவப்பு வட்டம் போட்டுக் குடு." முப்பது வருஷமாகப் புள்ளி அழிக்கிறவன், ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டுக் கொடுத்தேன். அந்த வாரமே இன்னும் 12 பிரதி கேட்டு ஆள் அனுப்பினார்கள்.