மழை ஜிம்: வடிவமைப்பு நாட்குறிப்பு

ஜூன் 3
போகிமான் எமரால்டு வீடியோ கேமின் மீட்டெடுத்த மூலக் குறியீட்டை (டீகம்பைலேஷன்) விரிவாக்கிய எக்ஸ்பான்ஷனில் கட்டும் ஐந்தாவது ஜிம், அதாவது தலைவரின் போகிமான் அணியை வீரர் வெல்ல வேண்டிய இடம். லெவல் வரம்பு 40. ஜிம்மின் கருவாகத் தண்ணீர் வகையை வைத்தால் மின்சாரப் போகிமான் ஒன்றே முழு ஜிம்மையும் காலி செய்துவிடும். அதனால் கரு மழை. மழையில் நீர் மூவ்களுக்கு 1.5 மடங்கு பலம், தீ மூவ்களுக்குப் பாதி, தண்டர் என்ற மின்சார மூவ் தவறாது, ஸ்விஃப்ட் ஸ்விம் எபிலிட்டி (பிறவித் திறன்) உள்ளவற்றுக்கு வேகம் இரட்டிப்பு.

ஜூன் 5
டீம் (எண் லெவல், அடைப்பில் எபிலிட்டி): பெலிப்பர் 38 (ட்ரிஸில்: களத்தில் வந்ததும் மழை பெய்யும்), லூடிகோலோ 38 (ஸ்விஃப்ட் ஸ்விம்), லான்டர்ன் 39 (வோல்ட் அப்சார்ப்: மின்சார அடியை உறிஞ்சும்), கிங்ட்ரா 40 (ஸ்விஃப்ட் ஸ்விம்).

பெலிப்பர்மேல் மின்சாரம் நான்கு மடங்காக விழும். முதல் டர்னிலேயே சாயட்டும். ஆறாம் தலைமுறை முதல் ட்ரிஸில் மழைக்கு ஆயுள் 5 டர்ன். மிச்சமுள்ள நாலும் லூடிகோலோவுக்குப் போகும். அதே மின்சார அடி லூடிகோலோவுக்குச் சாதாரணம், லான்டர்னுக்கோ ஹெச்பி (உயிர்ப் புள்ளி) ஏறும். நீர் அடியை உறிஞ்சும் வாட்டர் அப்சார்ப் எபிலிட்டியுள்ள குவாக்சயரை வீரர் கொண்டுவந்தால் நீரும் மின்சாரமும் ஒன்றும் செய்யாது, ஆனால் கிகா ட்ரெயின் என்ற புல் மூவ் அதன்மேல் நான்கு மடங்கு. ஒரே பதிலில் நாலும் விழக்கூடாது என்பதே இந்த வரிசையின் நோக்கம்.

எபிலிட்டி வெதர் கான்ஃபிக் (எபிலிட்டி தரும் மழையின் ஆயுளைக் குறிக்கும் அமைப்பு) பழைய தலைமுறையில் இருந்தால் மழை நிற்கவே நிற்காது, மொத்தக் கணக்கும் கெடும். முதலில் அதைச் சரிபார்க்கவும்.

ஜூன் 6
ஐவி (பிறவிப் புள்ளி) 31, ஈவி (பயிற்சிப் புள்ளி) 0 வைத்தால் கிங்ட்ராவின் வேகம் 85, மழையில் 170. முழு ஐவி, ஈவி, சாதகமான நேச்சர் (குணம்) எல்லாம் சேர்ந்தும், வேகமான மின்சாரப் போகிமானான ஜோல்டியான் லெவல் 40இல் 160தான். ஆக, வேகத்தால் இதை வெல்வது கடினம். வேறு வாசல் திறந்திருக்க வேண்டும்.

ஜூன் 9
பெரிய சிக்கல்: கிங்ட்ரா கடைசியில் வரும்போது பெலிப்பரின் மழை ஓய்ந்திருக்கும். கிங்ட்ராவுக்கே மழையை அழைக்கும் ரெயின் டான்ஸ் மூவைக் கொடுத்தால் ஒரு டர்ன் வீண். எனவே மழையை நீட்டிக்கும் டாம்ப் ராக் என்ற கல் லான்டர்னிடம். அதன் ரெயின் டான்ஸ் 8 டர்ன் நீடிக்கும். லான்டர்ன் மெதுவானது, எனவே அது மழையை அழைப்பதற்குள் வலுவான நில அடியால் வீழ்த்துபவருக்கு 85 வேகக் கிங்ட்ராதான் எதிரி. இந்த ஓட்டை வேண்டுமென்றே விட்டது, அடைக்கக்கூடாது.

ஒன்று விழுந்ததும் ஏஐ தனக்கு ஏற்றதை அனுப்பும். லான்டர்ன் முன்னதாக வந்துவிட்டால் திட்டம் குலையும். சீக்வென்ஸ் ஸ்விட்சிங் ஃப்ளாக் போட்டால் வரிசை மாறாது. லான்டர்னுக்குத் தாக்குதல் தண்டர் மட்டும். மற்றவை ரெயின் டான்ஸ், தண்டர் வேவ் (முடக்கும்), கன்ஃபியூஸ் ரே (குழப்பும்). நல்ல அடிகள் நிறைய இருந்தால் ஏஐ மழையை மறந்து அடிக்கவே பார்க்கும்.

ஜூன் 12
1999இல் வந்த போகிமான் கோல்ட், சில்வர் கேம்களில் ஜிம் தலைவி விட்னியின் லெவல் 20 மில்டாங்க் பலரை அலறவைத்தது. அதன் ரோல்அவுட் மூவ் 30இல் தொடங்கி ஐந்தாம் டர்னில் 480 பலத்துக்கு ஏறும். ஆனால் அதே ஊர்க் கடையில் ட்ரவுஸி என்ற போகிமானைக் கொடுத்து, மில்டாங்கை இரு மடங்கு அடிக்கும் சண்டை வகை மச்சாப் வாங்கலாம். பதிலை எட்டும் தூரத்தில் வைத்த நேர்மை அது.

இங்கே: ஜிம்முக்கு முந்தைய பாதையில் வூப்பர் (குவாக்சயராக வளரும்), மரில், ஊர்க் கடையில் சன்னி டே (மழையை நீக்கி வெயில் தரும்), தண்டர் வேவ் டிஎம்கள் (மூவ் கற்பிக்கும் பொருட்கள்). முடங்கிய கிங்ட்ரா மழையிலும் 85க்கு இறங்கும். வாசலில் நிற்கும் முதல் ட்ரெய்னரிடம் ட்ரிஸில் பெலிப்பர் ஒன்று மட்டும் இருக்கட்டும், தோற்றதும், "மழை ஓயும்வரை தாக்குப்பிடித்தாயே!" என்று சொல்லட்டும்.