அரசன் வந்து நின்ற கட்டில்

தஞ்சைப் பெரிய கோயிலை ஒட்டிச் சிவகங்கைப் பூங்கா. அங்கே குளத்தருகே 1779-இல் எழும்பிய சுவார்ட்ஸ் ஆலயம் இருக்கிறது. லெந்து என்னும் தவக்கால நாட்களில் சபையார் சிலரோடு தரங்கம்பாடி பார்த்துவிட்டு இங்கே வந்தோம். தரங்கம்பாடியின் கடலும் டேனிஷ் கோட்டையும் மற்றவர்களைக் கட்டிப்போட்டன. என் மனமோ இந்தச் சின்ன ஆலயத்தையே தேடிக்கொண்டிருந்தது.

உள்ளே சுவரில் ஒரு வெண்பளிங்குச் சிற்பம். லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கியது. செய்வித்தவர் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. ஜெர்மானிய மிஷனரியான போதகர் சுவார்ட்ஸ் மரணப் படுக்கையில் கிடக்கிறார். மன்னர் அருகில் நின்று அவர் கையைப் பிடித்திருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சரபோஜி கடைசிவரை தம் முன்னோர் சமயத்திலேயே இருந்தார். ஆனாலும் இந்தப் போதகரைத் தகப்பனாக நினைத்தார்.

ஏன் என்று கேட்டால் பஞ்சகாலத்துக்குப் போக வேண்டும். ஹைதர் அலியின் படை டெல்டாவைச் சூறையாடிய காலம். கோட்டைக்குள் மக்கள் பட்டினியில் செத்து விழுந்தார்கள். வெளியே நெல் இருந்தது, ஆனால் குடியானவர்கள் கொண்டுவர மறுத்தார்கள். முன்பு கொடுத்ததற்குப் பணம் வரவில்லை, அரசரை எப்படி நம்புவார்கள்? கடைசியில் அன்றைய அரசர் துளஜா சுவார்ட்ஸைக் கேட்டார். பணத்துக்கு நான் பொறுப்பு என்று அவர் சொன்னதும் மாடுகள் வந்தன. உபதேசிமாரும், அதாவது போதகருக்குத் துணையான ஊழியர்களும், சபை மக்களும் உயிரைப் பணயம் வைத்து ஊர் ஊராய்ப் போய் 80,000 கலம் நெல் கொண்டுவந்து சேர்த்தார்கள். கலம் என்றால் பன்னிரண்டு மரக்கால். நம் ஊர்க்காரருக்கு அதன் கனம் தெரியும். எல்லாம் முடிந்தபின் சொன்னபடி பணத்தை எண்ணிக் கொடுத்து, சிறு அன்பளிப்பும் தந்து அனுப்பினார். அந்த உபதேசிமாரின் பெயர்கள் சுவரில் இல்லையே என்று எனக்கு வருத்தம்.

1787-இல் துளஜா மன்னர் சாகும் தறுவாயில் தம் தத்துப்பிள்ளையான சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸிடம் ஒப்படைக்க நினைத்தார். ராஜ்யப் பொறுப்பு தன்னால் ஆகாது என்று விலகிய சுவார்ட்ஸ், பிள்ளையின் கல்விக்கும் உயிருக்கும் மட்டும் காவலாக நின்றார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை நம்பியது, தூது அனுப்பவும் செய்தது. அந்த உறவை நான் முழுதும் மெச்ச மாட்டேன். ஆனால் அதைக் கொண்டு அவர் தமக்கென எதுவும் சேர்த்துக்கொள்ளவில்லை. 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சையிலேயே கண்மூடினார். கல்லறைக்குச் சரபோஜியே ஆங்கிலத்தில் பா எழுதினார். அனாதைகளின் தந்தை, விதவைகளின் ஆதரவு என்று அதில் சொல்கிறார்.

கடைசி இராப்போஜன மேசையிலேயே யார் பெரியவன் என்று சீஷர்கள் வாக்குவாதம் செய்தார்கள். இயேசு தம்மைப் பணிவிடைக்காரன் என்றார். துண்டை இடுப்பில் கட்டிக் கால் கழுவினார். இன்று நம் திருச்சபைத் தேர்தல்களில் ஓட்டுக்கு ஆள் பிடிக்கிறோம், கோர்ட்டுக்குப் போகிறோம், ஆராதனையில் முன் நாற்காலிக்கு மல்லுக்கு நிற்கிறோம். எனக்கு இது தாங்கவில்லை.

அந்தச் சிற்பத்தின் முன் முழங்காலிட்டோம். வரும் கமிட்டிக்கு நிற்கப்போகிறவர்கள் எங்களிலேயே இருவர் இருந்தார்கள். இருவர் பெயரையும் சொல்லியே ஜெபித்தோம்.