கல் சுவரில், கல்லறை ஆற்றடியில்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக் கிழக்குப் பகுதியில், மொறிஸ்பேர்க் நகருக்கு அருகில், சென் லோறன்ஸ் ஆற்றங்கரையில் முன்னோடிக் குடியேறிகளுக்கான நினைவிடம் ஒன்று உண்டு. பழைய கல்லறைக் கற்களைக் கழுவி, அவற்றிலுள்ள எழுத்தைப் படித்துப் பதிவு செய்யும் வேலையில் சேர்ந்த இரண்டாவது கோடையில் என்னை அங்கு அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்துச் சேமக்காலைகளைப்போல ஒரு நிலம் இருக்கும் என்று எண்ணிப் போனேன். அங்கே இருந்தவை சுவர்கள். இடிக்கப்பட்ட வீடுகளின் செங்கல்லால் கட்டப்பட்டு, சலவைக்கல் பலகைகள் பதிக்கப்பட்ட சுவர்கள். கையிலிருந்த படிவத்தின் நான்காம் நிரலில் "அடக்கம் செய்யப்பட்ட இடம்" என்றிருந்தது. அந்த நிரலை எப்படி நிரப்புவதென்று முதல் நாளே தடுமாறினேன்.

இந்தக் கற்கள் ஓல்ஸ்வில், ஃபாரன்ஸ் பொயின்ற், டிக்கின்சன்ஸ் லாண்டிங், வேல்ஸ், மூலினெற், மில் றோஷ் முதலிய ஊர்கள் இருந்த ஆற்றோரத்துக்கு உரியவை. அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரித்தானிய அரசரின் பக்கம் நின்று தோற்றவர்கள், பெரும்பாலும் நியூயோர்க்கின் மோகாக் பள்ளத்தாக்கிலிருந்து துரத்தப்பட்ட ஜேர்மானிய, ஸ்கொட்லாந்து வழிக் குடும்பங்கள், 1784இல் இக்கரையில் நிலம் பெற்றுக் குடியேறினார்கள். அவர்களை முன்னோடிகள் என்பது இந்நாட்டு வழக்கு. வீடும் நிலமும் பறிபோய், எல்லை கடந்து வந்தவர்களை அகதிகள் என்றே என் மனம் படித்தது. அவர்களுக்கு முன்பே இந்த ஆற்றோரத்தில் மோகாக் என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்தார்கள் என்பதையும், இந்த ஊர்களைப் பின்னர் மூழ்கடித்த அணைத் திட்டத்துக்காக அவர்களுடைய அக்வெசாஸ்னே என்ற குடியிருப்பும் நிலம் இழந்தது என்பதையும் சேர்த்துத்தான் முன்னோடி என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டும்.

பெருங்கடலிலிருந்து பேரேரிகளுக்குப் பெரிய கப்பல்கள் செல்வதற்கும், அணை கட்டி மின்சாரம் எடுப்பதற்குமாக 1954இல் வேலை தொடங்கியபோது, கரையோரம் முழுவதும் நீரில் மூழ்கும் என்பது முடிவாகிவிட்டது. சுமார் 6,500 பேர் இடம்பெயர்ந்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளை இராட்சத வண்டிகளில் அப்படியே தூக்கி, இங்கிள்சைட், லோங் சோ என்ற புதிய ஊர்களில் கொண்டுபோய் வைத்தார்கள். அலுமாரியிலுள்ள கோப்பை தட்டுகளைக்கூட எடுத்துவைக்கத் தேவையில்லை என்று வீட்டுக்காரருக்குச் சொல்லப்பட்டதாம். இறந்தவர்களைப் பொறுத்தவரை, உறவினர் கேட்டால் தோண்டி எடுத்து வேறு மயானத்தில் அடக்கம் செய்தார்கள். கேட்க ஆளில்லாத, அல்லது கிளற விரும்பாத குடும்பங்களின் கல்லறைகள் இருந்த இடத்திலேயே விடப்பட்டன. நீரில் எதுவும் மேலெழுந்துவிடாதபடி அவற்றின்மேல் பாறைக்கற்களைப் பரப்பினார்கள். 1958 ஜூலை 1ஆம் திகதி காலை எட்டு மணிக்கு 30 தொன் வெடிமருந்தால் தற்காலிக அணையைத் தகர்த்தார்கள். அணைக்குப் பின்னால் உருவான ஏரி நிரம்ப நான்கு நாள் போதுமாயிருந்தது.

எங்கள் வேலையில் அவசரத்துக்கு இடமில்லை. நூற்றைம்பது ஆண்டு மழை தின்ற சலவைக்கல் விரல் பட்டால் சீனிபோல் உதிரும். அதனால் கம்பித் தூரிகையும் பிளீச்சும் விலக்கு, தண்ணீரும் மென்மையான தூரிகையும் மட்டும்தான். வெயில் படாத சுவரில் எழுத்தைப் படிக்க ஒருவர் எட்ட நின்று, பெரிய கண்ணாடியால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பாய்ச்ச வேண்டும். ஒரு குழந்தையின் கல். மேலே படுத்திருக்கும் ஆட்டுக்குட்டியின் முகம் தேய்ந்து வழுவழுவென்றிருந்தது. அக்காலக் கற்களில் வயதை ஆண்டு, மாதம், நாள் என்று கணக்கிட்டு வெட்டுவார்கள். வெறுங்கண்ணால் பார்த்து ஒரு வயது என்று எழுதிவிட்டேன். கண்ணாடியைச் சற்றுத் திருப்பியதும் அந்த ஒன்றின் இடப்பக்கத்தில் மெல்லிய சாய்கோடு ஒன்று நிழலாய் எழுந்தது. நான்கு வயது. படிவத்தில் நான் அழித்துவிட்ட மூன்று ஆண்டுகளை நினைத்து அன்று மத்தியானச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

நான்காம் நிரலில் நான் சுவரின் ஆள்கூறுகளைத்தான் எழுதிவந்தேன். மேற்பார்வையாளர் அந்த வாரக் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்பினார். "இங்கே யாரையும் புதைக்கவில்லையே, பிறகு ஏன் இந்த எண்கள்?" என்று கேட்டார். வெற்றாக விடுவதா என்றேன். அதற்கும் அவர் இணங்கவில்லை. எரித்துச் சாம்பலைக் கடலில் கரைக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். உடலுக்கு ஓர் இடம் வேண்டும் என்ற அவருடைய பிடிவாதம் எனக்குப் புரியச் சில நாட்களாயிற்று.

அந்த இலையுதிர்காலத்தில் ஆற்றின் மட்டம் தாழ்ந்திருந்தபோது, ஓல்ஸ்வில் இருந்த இடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். சேற்றுக்குள் சீமெந்து நடைபாதை ஒன்று நேராக ஓடியது. அதன் ஓரத்தில் வீட்டு அத்திவாரங்கள், அறுத்த மரங்களின் அடிக்கட்டைகள். அந்த நடைபாதையில் கொஞ்சத் தூரம் நடந்தேன். அப்பால் தண்ணீர்.

திங்கட்கிழமை நான்காம் நிரலை இரண்டாகப் பிரிக்கச் சொல்லிக் கேட்டேன். கல் இருக்கும் இடம் என்பதில் சுவரின் எண், கல்லின் வரிசை. அடக்கம் செய்யப்பட்ட இடம் என்பதில், பழைய பட்டியலில் கிடைத்தபடி, ஊரின் பெயர் மட்டும். திருப்பி வந்த கட்டை முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன்.