பட்ஜெட் பிராசசர்: 5600-ஆ, 5600ஜி-யா?

பட்ஜெட் டெஸ்க்டாப்புக்கு ஏஎம்டி ரைசன் 5 5600 இன்றும் தாராளமாகப் போதும்: 6 கோர் (கணக்குப் போடும் பகுதிகள்), 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைகள்), 65 வாட். ஆனால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் மானிட்டரில் படமே வராது. இன்டெலில் 'எஃப்' என்று முடியும் மாடல்களும் அப்படித்தான்.

கார்டுக்குக் காசு இடிக்கிறதா? கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் 5600ஜி எடுங்கள். அதன் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை, ராமைத்தான் பங்குபோடும். ராம் இரண்டு ஸ்டிக்காக இருந்தால்தான் அதற்கு வேகமாக டேட்டா போகும். அதனால் 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக வேண்டவே வேண்டாம், கேம் திக்கித் திணறும். 8 ஜிபி இரண்டாக வாங்கி, நான்கு ராம் ஸ்லாட் உள்ள மதர்போர்டில் பிராசசர் பக்கமிருந்து எண்ணி 2-வதிலும் 4-வதிலும் செருகுங்கள். எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி) 5600ஜி-யில் 16 எம்பிதான், 5600-இல் 32. பின்னாளில் கார்டு வாங்குவது உறுதியென்றால் 5600-தான் சரி.

பழைய பி450 மதர்போர்டில் பயாஸ் (போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) அப்டேட் ஆகாமலிருந்தால் இந்த பிராசசர்களை அது அடையாளம் காணாது; ஃபேன் சுற்றும், திரை வராது. வாங்கும் கடையிலேயே செய்து தரச் சொல்லுங்கள்.