எட்டு கஜம் டார்டன்: கையால் கில்ட் தைக்கப் போகிறவர்களுக்கு

கில்ட் என்கிற ஸ்காட்லாந்து மடிப்புப் பாவாடையைத் தைக்கக் கற்கிறவர்கள் ஊசியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஊசி வேலை பழகிவிடும். வம்பு, டார்டன் என்கிற கட்டம் போட்ட கம்பளித் துணியை வாங்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது.

எடின்பரோவில் "கஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளி, கில்ட்டுக்கு, எட்டு கஜம்" என்று தெளிவாகச் சொல்லித்தான் துணி வாங்கினேன். இரட்டை அகலத்தில் நாலு கஜம் கொடுத்தார்கள். அதில் தப்பில்லை, நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒட்டு மடிப்புக்குள் மறைகிற மாதிரி இணைத்தால் எட்டு கஜம் ஆகிவிடும். கோளாறு கரையில். ஒரு பக்கம் சுத்தமான கரை, மறுபக்கம் நூல்முனைகளை உள்ளே மடக்கி நெய்த தடித்த கரை. கில்ட்டின் கீழ் ஓரத்தை மடித்துத் தைப்பதே கிடையாது. தறியில் வந்த கரைதான் ஓரம். மடித்துத் தைத்தால் இஸ்திரி போட்டதும் ஒவ்வொரு மடிப்பிலும் தடம் தெரியும். கடையில் கேட்டால், "கீழே குனிந்து யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று பதில். மாற்றி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதனால் துணியைப் பிரித்து இரண்டு கரையையும் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இரண்டு கரையிலும் கட்டம் ஒரே கோட்டில் முடிகிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் ஒட்டுப் போடும் இடத்தில் குறுக்குக் கோடுகள் சேராது. கீழே வெட்டிச் சரிசெய்யவும் வழியில்லை. கரை கீழே வர, இரண்டாம் பாதியைத் தலைகீழாகத் திருப்பித்தான் இணைக்க வேண்டும் என்பதால், புக்கானன் மாதிரி இடவலம் ஒத்துப்போகாத டார்டனுக்கு இந்த வழி உதவாது. அதற்கு ஒற்றை அகலத்தில் எட்டு கஜம் தேடுங்கள்.

அளவு எடுப்பதில் ஒரே எச்சரிக்கை: ஜீன்ஸ் அளவைச் சொன்னால் ஏற்காதீர்கள். கில்ட் நிற்பது தொப்புள் உயரத்தில். டேப்பை வைத்து நீங்களே எடுங்கள்.

இனி கணக்கு. இடுப்பு 34 அங்குலம், புட்டம் 40 என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் மடிப்பில்லாமல் தட்டையாக விழும் பகுதியான ஏப்ரனுக்குப் பாதி, பின்பக்க மடிப்புகளுக்குப் பாதி. 27 மடிப்பு போட்டால், வெளியே தெரியும் அகலம் புட்டத்தில் முக்கால் அங்குலம், இடுப்பில் எட்டில் ஐந்து பங்கு அங்குலம். ஒவ்வொரு மடிப்பும் மேலே போகப் போக அரைக்கால் அங்குலம் குறுக வேண்டும். ஒரு மடிப்பில் பதினாறில் ஒரு பங்கு கூடினால் கண்ணுக்கே தெரியாது. 27 மடிப்பில் அது ஒன்றே முக்கால் அங்குலத்தைத் தொட்டுவிடும். கில்ட் இடுப்பில் நிற்காது. நாலைந்து மடிப்புக்கு ஒருமுறை மொத்த அகலத்தை அளந்தே தீர வேண்டும்.

கட்டம் பின்னாலும் கலையாமல் தெரிய வேண்டுமென்றால் ஒரு மடிப்புக்கு ஒரு முழுக் கட்டச் சுற்று, அதாவது கட்டம் ஒருமுறை முடிந்து மறுபடி தொடங்கும் வரையுள்ள நீளம், செலவாகும். ஏழு அங்குலச் சுற்று என்றால் மடிப்புகளுக்கு மட்டும் ஐந்தேகால் கஜம். எட்டு கஜம் ஏன் என்பது இப்போது புரியும். ராணுவ கில்ட்டுகளில் பெரும்பாலும் ஒரே கோட்டை ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் நிறுத்துவார்கள்.

தைக்கும்போது ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் குண்டூசி குத்தி, கீழ் மடிப்பின் கோட்டோடு சேர்த்துப் பிடியுங்கள். மடிப்பின் விளிம்பில் ஓரிரு இழையை மட்டும் ஊசி எடுக்கட்டும். நூலை இறுக்கினால் துணி சுருங்கும், தளர விட்டால் உட்காரும்போது தையல் வாய் பிளக்கும்.

பலர் சொதப்புவது உள்பக்கத்தில். மேலே குவிகிற துணியை வெட்டி எடுக்கும் முன், மடிப்புகளை உள்ளே ஒன்றோடொன்று பிடித்து நிறுத்தும் தையல் வரிசையைப் போட்டாக வேண்டும். அது இல்லாமல் வெட்டினால் மடிப்புகள் தொங்கிவிடும். பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அடுத்து கேன்வாஸ், உள்ளே இடுப்புப் பகுதியில் வைத்துத் தைக்கும் விறைப்பான துணி. தோல் வார்களும் பக்கிள்களும் கேன்வாஸையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். டார்டனில் மட்டும் தைத்தால் இழுப்பு முழுவதும் மடிப்புத் தையல்மேல் விழும். லைனிங், இடுப்புப் பட்டை, ஏப்ரன் ஓரத்து நூல் குஞ்சம் எல்லாம் அரை நாள் வேலை.

கடைசியில் மடிப்புகளைக் கரை வரை தற்காலிகத் தையலால் கட்டி, ஈரத்துணி போட்டு இஸ்திரி. துணி முழுக்க ஆறிக் காய்ந்த பிறகே அந்தத் தையலைப் பிரியுங்கள். சூட்டோடு பிரித்தால் மடிப்பு நிற்காது, மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டியதுதான்.